மாதச் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்: வளைகுடா ஒப்பந்த வேலையும் எங்கள் வீட்டுக் கணக்கும்

துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஏஜென்டுகளிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். வளைகுடா நாடுகளின் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ‘ஷட்டவுன்’ வேலைகளைப் பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களில் வைத்துக்கொள்கின்றன. அந்தக் குறுகிய காலத்துக்கு வெல்டர், ஃபிட்டர், கனமான பாகங்களைத் தூக்கி நகர்த்தும் ரிக்கர், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் என்று பெருந்தொகையான ஆட்கள் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறார்கள். 1960களில் திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை வந்ததும், அதைச் சுற்றித் துணைப் பட்டறைகள் பெருகியதும், 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்ததும் சேர்ந்து, உயர் அழுத்தக் குழாய்களை வெல்டிங் செய்யத் தெரிந்த பல தலைமுறைகளை எங்கள் பகுதியில் உருவாக்கியிருக்கின்றன. ஜுபைல், ருவைஸ், ராஸ் லஃபான் ஆகிய வளைகுடா ஆலை நகரங்கள் எங்கள் தெருக்களில் பக்கத்து ஊர்ப் பெயர்களாகவே புழங்குகின்றன.

அழைப்பில் முதலில் சொல்லப்படுவது மாதச் சம்பளம். கேட்பவரும் அந்த ஓர் எண்ணை இங்கே தாம் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுத்தான் போவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார். பல ஆண்டுகள் இந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்த நானும் என் மனைவியும் கண்டுகொண்டது, அந்த ஒப்பீட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதுதான். ஆண்டின் இறுதியில் மெய்யாகவே எவ்வளவு கூடுதலாக மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு எதிர்த்தட்டில், நாம் இல்லாத வீட்டில் நம்முடைய வேலைகளை யார் செய்கிறார்கள், அதற்கு அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்பதை வைக்க வேண்டும். இந்த இரண்டு தட்டுகளின் எடையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஒருமுறை எடுத்த முடிவை அப்படியே நீட்டித்துக்கொண்டு போகவும் கூடாது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, வெல்டிங் ஆய்வாளராகத் துவாக்குடியில் ஒரு தனியார் பட்டறையில் வேலை செய்தவன். காட்டூரில் வாங்கிய மனையில் வீடு கட்ட எடுத்த கடனுக்காகச் சவூதியின் ஜுபைலுக்கு ஒப்பந்த வேலைக்குப் போனேன். கடன் முடிந்ததும் திரும்பி வந்து, இப்போது திருச்சியில் இருந்தபடியே ஆய்வு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறேன். போகும் முன் நாங்கள் போட்ட கணக்கை எண்களோடு இங்கே வைக்கிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் எந்தெந்த வரிகள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது பெரிதும் மாறாது.

துவாக்குடியில் எனக்கு மாதம் 38,000 ரூபாய். ஜுபைலில் சொன்ன சம்பளம் 6,000 ரியால். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 1,32,000 ரூபாய். மாதத்துக்கு 94,000 ரூபாய் வித்தியாசம், ஆண்டுக்குப் பதினொரு லட்சத்துக்கு மேல் என்று மனம் உடனே பெருக்கிவிடும். ஆனால் ஒப்பந்த வேலையில் பன்னிரண்டு மாதமும் சம்பளம் ஓடுவதில்லை. ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்ததற்கு விசா வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன், நேர்முகத் தேர்வு என்று நாட்கள் போகும். ஆலை நிர்வாகம் ஷட்டவுனைத் தள்ளி வைத்தால் நம்முடைய புறப்பாடும் தள்ளிப்போகும். ஆண்டுக்கு எட்டு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்வதே நியாயமான கணக்கு. அதன்படி வரவு 10,56,000 ரூபாய்.

இதிலிருந்து கழிக்க வேண்டியவை வருகின்றன. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. தங்குமிடமும் பேருந்தும் நிறுவனம் தந்தாலும் சாப்பாடு நம் பொறுப்பு என்றால், சிக்கனமாக இருந்தும் உணவுக்கும் ஃபோனுக்கும் சில்லறைக்குமாக மாதம் 800 ரியால் ஆகும். எட்டு மாதத்துக்கு 1,40,800 ரூபாய். நான் இல்லாததால் வீட்டில் கூடும் செலவை என் மனைவிதான் எழுதினாள்: மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட ஆட்டோ, நான் மாலையில் சொல்லிக்கொடுத்த கணக்குப் பாடத்துக்கு டியூஷன், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வாடகைக் கார், குழாயோ மின்விசிறியோ பழுதானால் கூலி. மாதம் 5,000 என்று வைத்தோம், 40,000 ஆயிற்று. பட்டறையின் குழுக் காப்பீடு போய்விடுவதால் குடும்பத்துக்குத் தனியாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 25,000. எல்லாம் போக மிஞ்சுவது 8,14,800 ரூபாய்.

உள்ளூர்த் தட்டில் பன்னிரண்டு மாதச் சம்பளம் 4,56,000 மட்டும் இல்லை. போனஸ் 20,000, 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி முதலாளி கட்டும் 12 சதவீத வருங்கால வைப்பு நிதிப் பங்கு ஆண்டுக்கு 21,600, அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஓர் ஆண்டுச் சேவைக்குச் சேரும் பணிக்கொடை சுமார் 8,650. ஆக, 5,06,250 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று லட்சத்து எட்டாயிரம் சொச்சம். மாதம் 94,000 என்று தொடங்கியது 26,000க்கும் கீழே வந்து நின்றது. நான் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் என்று பிரித்தால் சுமார் 38,500 ரூபாய். அந்தத் தாளைப் பார்த்து என் மனைவி, “பதினோரு லட்சத்துக்காக நீங்க போறதுன்னா என்னால பதில் சொல்ல முடியாது. மூணு லட்சத்துக்காகப் போறதுன்னா அது வேணுமா வேண்டாமான்னு இப்ப நாம உக்காந்து பேசலாம்” என்றாள். உண்மையான எண் கிடைத்த பிறகுதான் கணவன் மனைவிக்கு இடையே உண்மையான பேச்சு தொடங்குகிறது.

நாங்கள் போவது என்றே முடிவு செய்தோம். அந்த மூன்று லட்சம் எங்கே போகப்போகிறது என்பது உறுதியாக இருந்ததே அதற்குக் காரணம். பதினைந்து லட்சம் வீட்டுக் கடன், 9 சதவீத வட்டி, இருபது ஆண்டுத் தவணை என்றால் மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். இருபது ஆண்டுகளும் கட்டினால் வட்டி மட்டும் பதினேழு லட்சத்தைத் தாண்டும். வழக்கமான தவணையோடு ஆண்டுக்கு மூன்று லட்சத்தை அசலில் கூடுதலாகச் செலுத்தினால், அதே கடன் நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி பதினான்கு லட்சத்தை ஒட்டி வரும். ஆகவே கடன் இருக்கும்வரை எங்களுக்கு அந்த மூன்று லட்சத்தின் மதிப்பு மூன்று லட்சத்தைவிட மிக அதிகம். கடன் முடிந்த மறுநாள் அது வெறும் மூன்று லட்சமாகிவிடும். திரும்பி வரும் நாளை நாட்காட்டியில் குறிக்காமல் கடன் கணக்கின் நிலுவையில் குறித்தோம். நிலுவை எப்போது பூஜ்யமோ, அப்போது நடப்பு ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்வது என்று பேசி வைத்தோம். நோக்கமில்லாமல் ‘போகிறவரை போகட்டும்’ என்று போகிற நண்பர்கள் பலரைப் பார்க்கிறேன். வருகிற பணம் காருக்கும் நகைக்கும் விசேஷ மொய்க்கும் பிரிந்துவிடுகிறது. வீட்டுச் செலவு அந்தச் சம்பளத்தின் அளவுக்கு உயர்ந்துவிட்டபின் அவர்களால் திரும்ப முடிவதில்லை.

ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று வருமான வரி. வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் உள்நாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். அப்போது சவூதியில் ஈட்டிய சம்பளமும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டிய வருமானமாகிறது. ஷட்டவுன் காலம் இந்த விதியோடு விபரீதமாக மோதுகிறது. அக்டோபர் முதல் தேதி புறப்பட்டு மார்ச் முடியும்வரை அங்கேயே இருந்தாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே கழிந்த நாட்கள் 183. டிசம்பரில் புறப்பட்டு ஜூலையில் திரும்புகிறவருக்கோ எட்டு மாதங்கள் இரண்டு நிதியாண்டுகளில் பாதி பாதியாகப் பிரிந்துவிடுவதால், இரண்டிலுமே இந்தியாவில் இருந்த நாட்கள் 182ஐத் தாண்டிவிடக்கூடும். புறப்படும் தேதியைப் பத்து நாள் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று ஏஜென்டிடம் கேட்பதற்கு முன், ஒரு கணக்காளரிடம் நாட்களை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டில் விழும் முத்திரைத் தேதிகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, வெளிநாட்டுச் சம்பளம் வந்து சேர என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்குவதும் புறப்படும் முன்னரே முடிய வேண்டிய வேலை.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறையை விட்டு விலகியதும் பலர் செய்வது, அந்தப் பணத்தை எடுத்துப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்வது. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுச் சேவை வேண்டும். ஏழெட்டு ஆண்டு கட்டியவர் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அத்தனை ஆண்டுகளும் அழிந்துபோகும். எடுக்காமல் ஓய்வூதியத் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிஃபிகேட்) வாங்கி வைத்தால், திரும்பி வந்து சேரும் வேலையோடு பழைய சேவையை இணைத்துக்கொள்ளலாம். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு நிறையச் சில மாதங்களே மீதமிருந்தால், ஒரு ஷட்டவுனை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது பெரும்பாலும் லாபமாகவே இருக்கும்.

“குடும்பத்தையே அங்கே அழைத்துப் போய்விடலாமே” என்று உறவினர்கள் கேட்பார்கள். நாங்களும் யோசித்தோம், ஜுபைலில் இந்தியப் பள்ளியும் இருக்கிறது. ஆனால் குறுகிய கால ஒப்பந்த விசாவில் குடும்பத்துக்கு இடமில்லை. இக்காமா என்னும் வசிப்பு அனுமதி கிடைத்தாலும், 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய சார்ந்தோர் கட்டணம் 2020இல் 400 ரியாலாக உயர்ந்துவிட்டது. மனைவிக்கும் ஒரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 9,600 ரியால், அதாவது இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் எடுத்து வைக்கும் முன்பே எங்கள் மூன்று லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே கரைந்துவிடும். அந்தக் கட்டணம் உயர்ந்த ஆண்டுகளில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பேச்சுலர் அறைக்கு மாறிய பொறியாளர்கள் சிலரோடு நானே தங்கியிருக்கிறேன்.

இனி எதிர்த்தட்டு. அதில் உள்ளவற்றுக்கு ரூபாயில் விலை போட முடியாது. ஆனால் ‘பிரிவு’ என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டாமல் தனித்தனியாகப் பார்த்தால், எவற்றைச் சரிசெய்ய முடியும், எவற்றை முடியாது என்பது தெரியும்.

ஷட்டவுனில் வேலை நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. அறைக்கு வந்து குளித்து, சமைத்து, ஃபோனை எடுக்கும்போது ஜுபைலில் எட்டு மணி என்றால் திருச்சியில் இரவு பத்தரை. பள்ளிக்குப் போகும் குழந்தை தூங்கியிருக்கும். மதிய இடைவேளையில் பேசலாமென்றால், கேமரா உள்ள ஃபோனை ஆலை வாயிலுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் அந்த நேரத்தில் குழந்தை வகுப்பில் இருக்கும். வார விடுமுறை அங்கே வெள்ளி, இங்கே ஞாயிறு. ஷட்டவுன் நாட்களில் வெள்ளியும் கிடையாது. இப்படி இரண்டு வீடுகளின் நேரமும் எங்கும் ஒட்டாமல் போவதை முதல் மாதத்திலேயே கண்டு, விடியற்காலை நாலே முக்காலுக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பேசுவது என்று வைத்துக்கொண்டோம். இங்கே அது ஏழே கால். மகள் இட்லி சாப்பிடும் நேரம். பத்து நிமிடம்தான். அன்றைக்கு என்ன தேர்வு, யாரோடு சண்டை, எந்த நோட்டு தொலைந்தது என்ற பேச்சு அந்தப் பத்து நிமிடத்தில் தடையின்றி நடந்தது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுகிற தகப்பன்களிடம் பிள்ளைகள் ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்பதற்கு மேல் பேசுவதில்லை என்பதையும் அந்த முகாமில் பார்த்திருக்கிறேன். பேச்சின் நீளத்தைவிட அது அன்றாடம் ஒரே நேரத்தில் நடப்பதே குழந்தையை நமக்கு நெருக்கமாக வைத்திருக்கிறது.

வீடு கட்டும் வேலை முழுவதும் என் மனைவியின் தலையில் விழுந்தது. சென்ட்ரிங் அடித்த பின் கம்பிகளைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளை அவற்றுக்குக் கீழே வைக்காமல் கான்கிரீட் போட மேஸ்திரி தயாரானபோது, கலவை இயந்திரம் வந்து நின்ற பிறகும் வேலையை நிறுத்தி, வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போடவிட்டாள். சிமென்ட் மூட்டை எண்ணிக்கை, கம்பி எடை, ஆட்கூலி எல்லாம் அவள் நோட்டில் இருந்தன. தரக்கட்டுப்பாடு என் தொழில். ஆனால் அந்த வீட்டுக்கு ஆய்வாளராக இருந்தவள் அவள்தான். வெளியூர்ச் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது, அதை ஈட்டியவர் ஒருவர் என்று கருதுவது சரியல்ல. என் சம்பளம் வீடாக மாறியதற்கு அவளுடைய சம்பளமில்லாத உழைப்பு காரணம். அதற்காகவே, அவள் தனியார் பள்ளி ஆசிரியை வேலையை அந்தக் காலத்தில் விட வேண்டி வந்துவிடக் கூடாது என்று இருவரும் கவனமாக இருந்தோம். மேலே சொன்ன மாதம் 5,000 ரூபாய் கூடுதல் செலவு அதற்கான விலை. சிக்கனம் என்று அந்தச் செலவை வெட்டி எல்லா வேலையையும் மனைவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிற வீடுகளில், சில ஆண்டுகளில் அவளுடைய வேலையோ உடல்நலமோ போய்விடுகிறது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

விடுப்பில் வரும் மாதங்களுக்கும் ஓர் ஒழுங்கு தேவை. நாம் இல்லாமல் ஓடிப் பழகிய வீட்டுக்கு அதற்கென்று ஒரு நடை வந்திருக்கும். நான் அருகிலேயே இருக்கும்போதும் மகள் அம்மாவிடம்தான் அனுமதி கேட்பாள். அதை நான் மாற்ற முயலவில்லை. கட்டடக் கணக்கையும் வங்கி வேலைகளையும் மனைவியே தொடர்ந்து பார்த்தாள். நான் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, அம்மாவின் மருத்துவமனை, ரேஷன் கடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். வந்த முதல் வாரமே உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் காரில் சுற்றத் தொடங்குவது எங்கள் பகுதியில் ஒரு வழக்கம். குழந்தைகளுக்கு அதைவிட, சாதாரணப் புதன்கிழமையில் தகப்பன் வீட்டில் இருப்பது வேண்டியிருக்கிறது என்பதே நான் கண்டது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நான் ஷட்டவுனின் நடுவில் இருந்தேன். என் மைத்துனர் விடுப்பு எடுத்து மருத்துவமனையில் கூடவே இருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம், வீட்டில் இருப்பவர்கள் எளிதில் எடுக்கக்கூடிய ஒரு கணக்கில் முன்பே ஒதுக்கி வைத்திருந்ததால் உடனே கட்ட முடிந்தது. வேலை முடியும் தறுவாயில்தான் என்னால் வந்து சேர முடிந்தது. இதிலிருந்து புறப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை உண்டு. ஒப்பந்தத்தின் நடுவில் அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் டிக்கெட் யாருடையது, அதுவரை வேலை செய்த நாட்களுக்கான ஃபைனல் செட்டில்மென்ட் எப்போது கிடைக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ‘இவர் வருவார்’ என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மனிதரிடம், நெருக்கடி வரும் முன்னரே நேரில் போய்க் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பெற்றோரின் மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, மருத்துவர் பெயர் ஆகியவற்றின் நகல் அவரிடம் இருக்க வேண்டும். மைத்துனருக்கு நான் பட்ட கடன் வங்கிக் கடனைவிடப் பெரியது. தட்டில் அதையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது சம்பளத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது வேலை நேரம். மாதம் 26 நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 6,000 ரியால் என்றால் மணிக்கு ஏறத்தாழ 29 ரியால். அதே 6,000 பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து என்றால் 19 ரியால்தான். ஓவர்டைம் தனியா, உள்ளடங்கியதா, தனி என்றால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. அவர்களுடைய ஒப்பந்தம் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாக வேண்டும், பத்து லட்சம் ரூபாய் பாதுகாப்புத் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். அதன் தவணை இரண்டாண்டுக்கு 275 ரூபாய்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. அங்கே வரும் அறிவிப்புகளையும் பார்த்து வையுங்கள்.

இந்த வருமானம் எண்ணெய் விலையைச் சார்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பது டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு சவூதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் சிக்கி, இந்திய அரசு தலையிட வேண்டி வந்தது. 2020 மார்ச்சில் சர்வதேச விமானங்கள் நின்றபோது, ஒப்பந்தம் முடிந்தவர்களும் வீடு திரும்ப முடியவில்லை. மே மாதம் 7ஆம் தேதிதான் மீட்பு விமானங்கள் புறப்படத் தொடங்கின. ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் வங்கியில் வைப்புத்தொகையாக இருப்பது இந்த வேலையில் விருப்பத்துக்குரிய சேமிப்பு அன்று. முதல் சம்பளத்திலிருந்தே அதை ஒதுக்க வேண்டும்.

கடன் முடிந்த ஆண்டு மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார். பழைய தாளை எடுத்துப் புது எண்களைப் போட்டபோது கூடுதல் தொகை முன்போலவே மூன்று லட்சத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் அதற்கு இப்போது அவசரமான நோக்கம் எதுவும் இல்லை. நான் வீட்டில் இல்லாததன் விலையோ ஏறியிருந்தது. திரும்புவது என்ற முடிவை எடுக்க எங்களுக்கு ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. அதற்கான ஏற்பாடுகளை மட்டும் ஓராண்டு முன்பே தொடங்கியிருந்தேன்: வெல்டிங் ஆய்வாளர் சான்றிதழைக் காலாவதியாகும் முன் புதுப்பித்தேன்; விடுப்பில் வரும்போதெல்லாம் துவாக்குடி, ராணிப்பேட்டைப் பட்டறைகளுக்கு ஆய்வாளர் அனுப்பும் நிறுவனங்களை நேரில் பார்த்தேன். இப்போது நாள் கணக்கில் ஊதியம். நல்ல மாதத்தில் 50,000 வரை வருகிறது, மழை மாதங்களில் குறைகிறது. கடன் தவணை இல்லாத வீட்டுக்கு அது போதும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜாம்நகர், கொச்சி சுத்திகரிப்பு ஆலைகளின் ஷட்டவுன் வேலைகள், கூடங்குளம், உடன்குடி போன்ற கட்டுமானத் தளங்கள் ஆகியவற்றில் துவாக்குடியைவிடச் சம்பளம் அதிகம், வளைகுடாவைவிடக் குறைவு. ஆனால் விசா செலவு இல்லை, வைப்பு நிதி தொடர்கிறது. உடன்குடியிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் வீடு வந்து சேரலாம். அம்மா விழுந்தால் மறுநாள் காலை மருத்துவமனையில் நிற்கலாம். மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் இந்த வேலைகள் எடுபடுவதில்லை. ஆண்டுக் கணக்கில் வைத்தால் வித்தியாசம் பலருக்கு ஒரு லட்சத்துக்குள் வந்துவிடுகிறது.

இளைஞர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். திருமணமாகாத, பெற்றோர் நல்ல உடல்நிலையில் இருக்கிற, கல்விக் கடனோ தங்கையின் திருமணமோ முன்னே நிற்கிற வெல்டரிடம் தயங்காமல் போகச் சொல்கிறேன். சான்றிதழ்களை அங்கிருக்கும்போதே உயர்த்திக்கொள்ளவும் சொல்கிறேன். கைக்குழந்தை இருப்பவரிடம், மனைவியின் தாயோ தன் தாயோ அந்த வீட்டில் வந்து தங்க முடியுமா என்று கேட்டுவிட்டு, முடியாதென்றால் முதலில் உள்நாட்டுத் தளங்களைப் பார்க்கச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகளை வைத்திருப்பவரிடம், அந்த ஆண்டை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். யாராக இருந்தாலும், மனைவியையோ பெற்றோரையோ அருகில் உட்கார வைத்துக் கணக்கைத் தாளில் எழுதி, வீட்டில் கூடும் செலவுகளை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லிவிட்டு வந்தால்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.